சியெனாவில் நாலு ராத்திரி

இத்தாலி போய்விட்டு வந்தால் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "எங்க தங்கினீங்க, எவ்வளவு ஆச்சு?" என்பதுதான். பீசா கோபுரம் இன்னும் சாய்ந்துதான் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. (நாங்கள் பீசாவுக்குப் போகவும் இல்லை.) அதனால் தங்கிய இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2024 ஏப்ரலில் ஆபீஸ் வேலையாக பொலோன்யா போனேன். பேக்கேஜிங் மெஷின்களுக்குப் பேர் போன ஊர் அது. புனேயில் எங்கள் பிளான்டுக்கு வாங்குகிற மெஷினை அங்கேயே ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். பத்து நாள் வேலை. அது முடிகிற சமயம் பார்த்து, பரீட்சை லீவில் இருந்த மகளையும் தங்கமணியையும் சொந்தச் செலவில் வரவழைத்துக்கொண்டேன். ரோம், வெனிஸ் என்று ஓடாமல் ஒரே ஊரில் நாலு ராத்திரி இருக்கலாம் என்பது தங்கமணியின் யோசனை. ஊரைத் தேர்ந்தெடுத்தது நான். அறைகள் 160, 180 யூரோ என்று மிரட்டின. அப்போது யூரோ சுமார் 90 ரூபாய், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். பொலோன்யாவில் கூட வேலை பார்த்த ஒருத்தர்தான், "மடங்கள் நடத்துற இல்லங்களைப் பாருங்க. சாதாரணமா இருக்கும், சுத்தமா இருக்கும், ராத்திரி கதவைச் சாத்திடுவாங்க" என்றார். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் மூன்று பேருக்குக் காலை உணவோடு 85 யூரோவுக்கு இடம் கிடைத்தது.

பொலோன்யாவிலிருந்து ரயிலில் ஃபிளாரன்ஸ், அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். சியெனாவுக்கு ரயிலும் உண்டு, ஆனால் ஸ்டேஷன் மலைக்குக் கீழே இருக்கிறது. பஸ் மேலேயே கொண்டுவந்து விட்டுவிடும். பெட்டியோடு போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் சான் தொமேனிக்கோ என்கிற பெரிய செங்கல் தேவாலயம். அதைத் தாண்டி இறங்கும் சரிவில் எங்கள் இல்லம்.

மணியை அடித்தோம். கதவைத் திறந்த சிஸ்டர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தமிழ்நாடா?" என்றார், தமிழில்!

கோட்டயம் பக்கத்துக்காரர். கோயம்புத்தூரில் நர்சிங் படித்ததால் தமிழ் வரும். இத்தாலிக்கு வந்து பத்தொன்பது வருஷம். இத்தாலி மடங்களில் மலையாளி சிஸ்டர்கள் நிறைய பேர் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் எட்டாயிரம் மைல் போன மாதிரி களைத்து நின்ற நேரத்தில் "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்! தங்கமணி முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது.

அங்கே தங்குகிறவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம். பாஸ்போர்ட்டுகளைப் பார்த்து சிஸ்டர் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தார். பிறந்த இடம்: எனக்கு மன்னார்குடி, தங்கமணிக்கு நாகர்கோவில், மகளுக்கு புனே. "மூணு பேருக்கு மூணு ஊரா!" என்று சிரித்தார். "அப்போ உங்க வீடு எது?" என்று மகளிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "கோத்ரூட்" என்றாள். புனேயில் நாங்கள் இருக்கும் பேட்டை.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அறை: மூன்று இரும்புக் கட்டில், ஒரு மேஜை, சுவரில் சிலுவை, செங்கல் நிறத் தரை. டிவி கிடையாது. பாத்ரூமில் கழுவிக்கொள்ள பிடே இருந்தது. இது இல்லத்தின் தாராளம் அல்ல. வீட்டுக் குளியலறையில் பிடே இருக்க வேண்டும் என்று 1975-லேயே ஆணை போட்ட நாடு அது. ஐரோப்பாவில் மற்ற ஊர்களில் காகிதத்தோடு மல்லுக்கட்டிய நம்மவர்களுக்கு இதன் அருமை தெரியும். குளிர் மட்டும் வாட்டியது. ஹீட்டரைப் போடச் சொன்னேன். "அதுவும் சட்டம். இந்த வட்டாரத்துல ஏப்ரல் 15-க்கு மேல போடக்கூடாது" என்று சொல்லி ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுத்தார். ராத்திரி 11 மணிக்கு வாசல் கதவு சாத்தப்படும்.

ஆனால் ஜன்னல்! மரக்கதவைத் தள்ளித் திறந்தால் கீழே பள்ளம், எதிர் மேட்டில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கதீட்ரல் கோபுரம், அதைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பழுப்பு வீடுகள். மகளின் வாட்டர் கலர் பெட்டியில் 'பர்ன்ட் சியெனா' என்று ஒரு நிறம் உண்டு. அந்தப் பெயர் இந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது. அவள் அரைமணி நேரம் ஜன்னலை விட்டு நகரவில்லை.

சியெனா பகலில் ஒரு ஊர், சாயங்காலம் வேறு ஊர். பகலில் ஃபிளாரன்ஸிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். ஆறு மணிக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும். பியாட்சா தெல் காம்போ என்கிற நடுச்சதுக்கம் (சதுக்கம் என்கிறேனே தவிர, சிப்பி வடிவம்) அப்போதுதான் ஊர்க்காரர்கள் கைக்கு வரும். சரிவான செங்கல் தரையில் அப்படியே உட்காருகிறார்கள், படுக்கிறார்கள். தரையை ஒன்பது பாகமாகக் கோடு போட்டுப் பிரித்திருக்கிறது. 1287 முதல் 1355 வரை ஊரை ஆண்ட ஒன்பது பேர் அவையின் நினைவு அது. 1348-ல் வந்த கொள்ளைநோயில் ஊரே காலியானது மாதிரி ஆகிவிட்டது. கதீட்ரலை இன்னும் பெரிதாக்க எழுப்பிய சுவரைப் பாதியில் விட்டவர்கள் பிறகு தொடவே இல்லை. அந்த ஒற்றைச் சுவர் இப்போதும் நிற்கிறது, ஏறிப் பார்க்கலாம். நான் ஏறினேன். முட்டிவலிக்காரி தங்கமணி, ஃபோன்தெபிராந்தா பக்கம் இருக்கும் எஸ்கலேட்டரில் வந்து கீழே ஐஸ்க்ரீம் சாப்பிட்டாள்.

சாப்பாடு பற்றி இரண்டு வரி. ரொட்டியில் உப்பு போடமாட்டார்கள், டஸ்கனி வழக்கம். முதல் கடியில் 'என்னடா இது' என்று இருக்கும். சைவர்களுக்கு பீச்சி என்று தடித்த பாஸ்தா, வெறும் மாவும் தண்ணீரும்தான். பூண்டு தக்காளிக் குழம்போடு கேட்டு வாங்குங்கள். நாலு நாளும் அதையே சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள் காலை ஆறரைக்கு ஜன்னலுக்குக் கீழே 'டுபுடுபுடுபு' என்று சத்தம். மகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "அப்பா! நம்ம ஊர் ஆப்பே!"

ஆப்பேதான். 1960களிலேயே காருக்குத் தடை போட்ட பழைய ஊரின் சந்துகளில் மூன்று சக்கர ஆப்பே காய்கறி இறக்கிக்கொண்டிருந்தது. பியாஜியோ கம்பெனியின் சொந்த ஊர் இதே டஸ்கனியில் உள்ள பொன்தெதேரா. ஆப்பே என்றால் தேனீ, வெஸ்பா என்றால் குளவி. ஆனால் எங்கள் மகளுக்கு ஆப்பே என்பது புனே மாவட்டத்து பாராமதியில் செய்து, கோத்ரூட் மார்க்கெட்டில் வெங்காய மூட்டையோடு நிற்கும் வண்டி. 'நம்ம ஊர்' என்று அவள் சொன்னது அதைத்தான்.

இப்போது சுருக்கென்றதற்குக் காரணம். மன்னார்குடியில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. 2021-ல் அம்மாவும் போன பிறகு வாடகைக்கு விட்டிருந்தோம். குடியிருந்தவர்கள் காலி செய்ததும், பக்கத்து மனைக்காரர் நல்ல விலைக்குக் கேட்டார். திருச்சியில் இருக்கும் அண்ணனுக்கு விற்றுவிட வேண்டும், கூரையும் ஒழுக ஆரம்பித்தாயிற்று. ஒரு வருஷமாக நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். சொன்ன காரணம், "பொண்ணுக்குன்னு ஒரு ஊர் வேணும்ணே". அவரும் தட்ட முடியாமல் சும்மா இருந்தார். இத்தாலியிலிருந்து திரும்புவதற்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார்.

அந்தச் சாயங்காலம் சந்தில் மேளச் சத்தம். பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன்கள் டிரம் அடிக்க, பெரிய பையன்கள் பச்சை வெள்ளைக் கொடியைச் சுழற்றி மேலே எறிந்து பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் விளக்கினார். ஊரில் 17 பேட்டைகள், கொன்த்ராதா என்று பெயர். நத்தை, ஆமை, கம்பளிப்புழு, ஆந்தை, முள்ளம்பன்றி என்று ஆளுக்கொரு சின்னம். எங்கள் இல்லம் இருக்கும் சரிவு வாத்துப் பேட்டை. புனித கத்தரீனா பிறந்ததும் இங்கேதான், சாயம் தோய்க்கிறவர் வீட்டில். ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் காம்போவைச் சுற்றி மண் கொட்டிக் குதிரைப் பந்தயம். சேணம் கிடையாது, மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓட்டுகிறவன் விழுந்துவிட்டாலும் குதிரை முதலில் வந்தால் ஜெயித்த மாதிரிதான். அந்த ஒன்றரை நிமிடத்துக்காக வருஷம் முழுக்க இந்தப் பயிற்சி, விருந்து, சண்டை எல்லாம். எல்லைகள் 1729-ல் வரையறுத்தது. தெருவில் எந்தச் சுவரில் வாத்து முடிந்து எந்தச் சுவரில் அடுத்த மிருகம் ஆரம்பிக்கிறது என்று ஓடு பதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மகளுக்கு ஒரே குஷி. "அப்போ இங்க பிறந்தா வாத்தா?" என்றாள்.

"முன்ன அப்படித்தான் மோளே. இப்போ எல்லாரும் மதிலுக்கு வெளிய ஆஸ்பத்திரிலதான் பிறக்கறாங்க. அதனால அம்மா அப்பா எந்தப் பேட்டையோ அது. குழந்தையைப் பேட்டை நீரூற்றுக்குத் தூக்கிட்டு வந்து தண்ணி தெளிச்சு, கழுத்துல பேட்டைத் துணியைக் கட்டுவாங்க."

"அப்போ நான் என்ன?" என்றாள் என்னைப் பார்த்து. "நீ கோத்ரூட் பூனை" என்று தங்கமணி முடித்துவைத்தாள். எல்லோரும் சிரித்தோம்.

எனக்கு மட்டும் அந்த ஆஸ்பத்திரி விஷயம் மண்டையைக் குடைந்தது. மதிலுக்கு வெளியே பிறந்த குழந்தைகளை வாத்தாகவும் ஆமையாகவும் ஆக்குவது வீடு அல்ல. தூக்கி வந்து தண்ணீர் தெளிக்க ஆள் இருக்கிறது. டிரம் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க பக்கத்து வீட்டு அண்ணன் இருக்கிறான், தெருவில் நீள மேஜை போட்டுச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். எங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருத்தர் சென்னை, ஒருத்தர் நியூ ஜெர்சி, இரண்டு வீடு பூட்டு. என் மகள் பதிமூன்று வயசுக்குள் அந்த வீட்டில் மொத்தமாக ஒரு மாதம் இருந்திருப்பாள். அவளுக்கு ஞாபகம் இருப்பது வௌவால்.

மூன்றாம் நாள் கதீட்ரலுக்கு எதிரே இருக்கும் சாந்தா மரியா தெல்லா ஸ்காலாவுக்குப் போனோம். ரோமுக்கு நடந்து போன யாத்திரிகர்களுக்கான சத்திரமாகவும் ஆஸ்பத்திரியாகவும் பல நூற்றாண்டு இருந்த கட்டடம், இப்போது மியூசியம். இதாலோ கால்வினோ 1985-ல் இறந்தது இங்கேதான். யாத்திரிகர் கூடத்தில் 1440களில் வரைந்த சுவர் ஓவியங்கள் இருக்கின்றன. அரசர்களும் போர்களும் இல்லை. காயத்தைக் கழுவுகிறார்கள், ரொட்டி கொடுக்கிறார்கள். வாசலில் விட்டுப்போன பச்சைக் குழந்தைகளை எடுத்து வளர்த்து, படிக்கவைத்து, பெண்ணாக இருந்தால் கல்யாணமும் செய்துவைக்கிறார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். காம்போவில் இருக்கும் அரண்மனைக்குப் போக நேரமில்லாவிட்டாலும் இதை விடாதீர்கள் என்பேன்.

அன்று ராத்திரி பத்தரைக்குத் திரும்பினால், வரவேற்பு மேஜையில் சிஸ்டர் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். தங்கமணியும் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். ஊருக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

"மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. தம்பி பழைய வீட்டை இடிச்சு புதுசு கட்டிட்டான். எனக்கு ஒரு ரூம் வெச்சிருக்கான், ஏசி எல்லாம் போட்டு. ஆனா ரெண்டாவது நாளே வர்றவங்க எல்லாம் 'எப்போ திரும்பப் போறீங்க'ன்னுதான் கேப்பாங்க."

"வருத்தமா இருக்குமா?" என்றாள் தங்கமணி.

"முதல் தடவை இருந்தது. இப்போ நானே போன உடனே தேதி சொல்லிடுவேன்" என்று சிரித்தார். பிறகு, "இந்தத் துண்டு ஓரம் உள்ள வரணும்" என்று தங்கமணி மடித்ததைத் திரும்ப மடித்தார்.

கடைசி நாள் காலையில் ஜன்னலருகே நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"வித்துடலாம்ணே."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நல்லா யோசிச்சியாடா? அப்புறம் சொல்லக்கூடாது."

"யோசிச்சாச்சு. ஆனா பவர் பத்திரம் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு நானே வரேன். மே மாசம் லீவுதான். ஒரு வாரம் முன்னாடியே மூணு பேரும் வந்துடறோம். நீயும் அண்ணியையும் பசங்களையும் கூட்டிட்டு வந்துடு."

"ஒரு வாரமா? எங்கடா தங்குவீங்க, அங்க நல்ல லாட்ஜ்கூட..."

"வீட்டுலதான். பாய் போட்டுக்கலாம்."

"ஃபேன் ஓடாதுடா."

"மாட்டிக்கலாம்ணே."

பின்னால் கட்டிலில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மகள், "வௌவால் இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். சரி என்றாள், அவ்வளவுதான்.

கீழே வந்தபோது வாசல் நிறையக் கூட்டம். போலந்திலிருந்து யாத்திரைக்கு வந்த நாற்பது பேர், நாற்பது பாஸ்போர்ட். சிஸ்டர் எங்கள் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, பணம் சரியாக இருக்கிறதா என்று எண்ணி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். மகள் தலையில் ஒரு தட்டு. அதற்குள் யாரோ போலிஷில் எதையோ கேட்க, அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். பத்து மணி பஸ்ஸுக்கு மேடேற வேண்டியிருந்ததால் நாங்களும் கிளம்பினோம்.