பூட்டு ஊரில் பூட்டாத பெட்டி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பள்ளிக்கூடத்து குரூப் போட்டோக்களை எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அவை மகன் வாங்கித் தந்த நாஸ் பெட்டியில் இருக்கின்றன. இரண்டு ஹார்டு டிஸ்க் போட்டு, வீட்டு வைஃபையோடு இணைத்த சிறு பெட்டி. ஒன்றில் பதிவது மற்றதிலும் அப்படியே பதியும். இரண்டு பிரதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

போன பொங்கலுக்கு வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் பார்க்கட்டும் என்று பாஸ்வேர்டு இல்லாமலே ஃபோல்டரைத் திறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஓர் அம்மா வந்தார். அவர் மகன் 1996இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், விபத்தில் போய்விட்டான். "அவன் சின்ன வயசு போட்டோ எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல டீச்சர்" என்றார்.

தேடினேன். 1996 ஃபோல்டரே இல்லை. யார் கை பட்டதோ! எல்லாரும் ‘கெஸ்ட்’ என்றே நுழைந்ததால் அடையாளமும் இல்லை. நெட்வொர்க் ஃபோல்டரில் அழித்தது நம் லேப்டாப் ரீசைக்கிள் பின்னுக்கு வராதாம். ஒரு டிஸ்க்கில் அழிந்தது மற்றதிலும் சேர்ந்தே அழிந்தது. அசல் படத்தைக் கரையான் தின்று வருஷமாகிறது. அந்த அம்மா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நல்லவேளை, முன்பு பென் டிரைவில் நகல் எடுத்துப்போன வேடசந்தூர் மாணவி ஒருத்தி அன்றைக்கே அனுப்பிவைத்தாள். அந்தப் பெட்டியில் சேராத மூன்றாவது பிரதிதான் என் மானத்தைக் காப்பாற்றியது.

அதன்பிறகு மகனை போனில் வைத்துக்கொண்டு செய்தவை:

1. ‘கெஸ்ட்’ வழியை மூடினேன். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு.
2. போட்டோ ஃபோல்டரில் உறவினர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி. சேர்க்க, அழிக்க நான் மட்டும்.
3. பேக்கப் ஃபோல்டருக்குத் தனிப் பெயர். அதன் பாஸ்வேர்டை எந்த லேப்டாப்பிலும் சேமிக்கவில்லை.
4. எஸ்எம்பி என்ற பகிர்வு முறையின் பழைய முதல் பதிப்பை நிறுத்தினேன். வெளி இன்டர்நெட்டிலிருந்து பெட்டிக்கு வர வழி வைக்கவில்லை.
5. மாதம் ஒருமுறை தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி, பீரோவில் வைக்கிறேன்.

நாலாவதை அலட்சியமாக நினைக்காதீர்கள். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வானாக்ரை வைரஸ் அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தும், போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் வேறொரு தாக்குதலில் முடங்கி, நாள்கணக்கில் கையால் எழுதிச் சமாளித்தார்கள். அப்படிப்பட்ட வைரஸ், நம் லேப்டாப் எந்த ஃபோல்டரில் எழுத முடியுமோ அதையெல்லாம் பூட்டிவிடும். பேக்கப்பும் அதில் ஒன்றாக இருந்தால் என்ன பயன்?

பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. 2019இல் புவிசார் குறியீடும் வாங்கியது. அந்த ஊரில் இருந்துகொண்டு பெட்டியைத் திறந்துபோட்டேன்.

என்னிடம் போட்டோ வாங்கியவர்கள் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். யாரோ ஓர் அம்மாவுக்கு அது வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், திண்டுக்கல்