ஜன்னல் மாறினால் கீபோர்டும் மாற வேண்டும்

போன மார்கழியில் ஒரு ராத்திரி, மணி ஒன்று இருக்கும், வாசல் கதவை யாரோ தட்டினார்கள். விழிதியூரில் அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டால் பெரும்பாலும் துக்கச் செய்திதான். பயந்துகொண்டே திறந்தேன். எதிர்வீட்டு பாய் நின்றார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் செல்போன்.

"ஐயா, கொஞ்சம் சிரிங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டு கையையும் மேலே தூக்குங்க" என்றார் அடுத்து. தூக்கினேன். உடனே போனில், "தம்பி, நல்லா இருக்காரு, வாய் கோணல்லே" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். மறுமுனையில் பிரான்சிலிருந்து அக்கா மகன். அவனுக்குப் பின்னால் அக்கா அழுகிற சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான்.

அக்காவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. அத்தான் பட்டாளத்தில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் நம் ஊர்க்காரர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள் அல்லவா, அத்தான் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் அவள் துலூஸில், நான் இங்கே. சில வருஷமாக அவளுக்குக் காது கேட்பதில்லை, போனில் பேசிப் பயனில்லை. தமிழ் பேசுவாளே தவிர எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆகையால் தினமும் ராத்திரி சாப்பிட்டபின் பிரெஞ்சில் ஒரு மெயில். முதலில் நோட்டில் பேனாவால் எழுதிக்கொள்வேன், பிறகு அதைப் பார்த்து டைப் அடிப்பேன். கண் காகிதத்தின்மேல், விரல் கீபோர்டின்மேல். ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் அப்படித்தான் அடித்தேன். திரையை நான் பார்ப்பதே இல்லை.

அன்று மதியம் பென்ஷன் சம்பந்தமாக ஒரு விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் அடித்திருந்தேன். கீபோர்டை மாற்ற மறந்துபோனேன். என் விரல்கள் பதினாறு வயதில் பிரெஞ்சு டைப்ரைட்டரில் பழகியவை. அதில் மேல்வரிசை ஆ, ஸெட் என்று தொடங்கும், ஆங்கிலத்தில் க்யூ, டபிள்யூ. உத்தியோகத்துக்காக இருபத்தொரு வயதில் ஆங்கிலம் அடிக்கக் கற்றேன். இரண்டும் விரலில் இருக்கின்றன, ஆனால் அக்காவுக்கு எழுதும்போது விரல் தானாகப் பழைய வழிக்குப் போய்விடும்.

இப்போது கற்பனை செய்து பாருங்கள். 'மா ஷேர்' என்று தொடங்க வேண்டிய கடிதம் ஓர் அரைப்புள்ளியில் தொடங்கி, பக்கத்திலேயே க்யூ. ஆ வரவேண்டிய இடமெல்லாம் க்யூ. காற்புள்ளி போட்ட இடமெல்லாம் எம். தலையிலோ காலிலோ குறி போட்ட எழுத்துகளுக்குப் பதில் 2, 7, 9, 0 என்று எண்கள். ஆனால் மற்ற எழுத்துகள் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதுதான் வம்பு. முழுக்க உளறலாக இருந்தால் கணினிக் கோளாறு என்று விட்டிருப்பாள். இது, எழுதத் தெரிந்த ஒருவன் பாதி நினைவு தப்பி எழுதியதுபோல ஒரு பக்கம் முழுக்க இருந்திருக்கிறது.

அத்தான் போன விதத்தை அவள் அப்போதுதான் என்னிடம் எழுதினாள். பக்கவாதம் வருவதற்கு முந்தைய நாள் கடைக்குப் போக ஒரு சீட்டு எழுதினாராம். எழுத்துகள் இடம் மாறி மாறி இருந்தனவாம். வயசாகிவிட்டது என்று சிரித்துவிட்டு அந்தச் சீட்டைக் குப்பையில் போட்டிருக்கிறாள். என் மெயிலைப் பார்த்ததும் அந்தச் சீட்டுத்தான் கண்ணில் வந்ததாம். எனக்குப் போன் போட்டிருக்கிறார்கள், நான் செல்லைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். பிறகுதான் பாய்க்கு.

அதன்பிறகு நான் எழுதும்போது திரையைப் பார்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் வழக்கம்போல் நோட்டைப் பார்த்தேன்.

பொங்கலுக்குப் பேரன் வந்தான். அவன் என் பழைய கணினியில் ஏற்கெனவே லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரையமைப்பு. "தாத்தா, நீங்க மாத்த மறக்கிறீங்க. அப்ப மெஷினே மாத்தட்டும்" என்றான். எப்படி என்று கேட்டேன். திரையில் எத்தனை ஜன்னல் திறந்தாலும் அவற்றுக்குச் சட்டம் போட்டு, எது முன்னே எது பின்னே என்று பார்த்துக்கொள்ள ஒரு மேலாளர் நிரல் இருக்கிறது. ஜன்னல் மேலாளர். ஒரு ஜன்னல் திறந்தாலும், மூடினாலும், முன்னுக்கு வந்தாலும், தலைப்பு மாறினாலும் அதற்குத் தெரியும். அந்தச் சேதியைக் காதுகொடுத்துக் கேட்டு, "இன்னார் வந்தால் இன்னது செய்" என்று நாம் எழுதி வைத்ததைச் செய்ய இன்னொரு சின்ன நிரல்.

எனக்கு எங்கள் ஆபீஸ் தபால் பிரிவு ஞாபகம் வந்தது. அங்கே இருப்பவர் கடிதத்தைப் படிக்க மாட்டார். உறையில் அனுப்பியவர் யார், பொருள் என்ன, அவ்வளவுதான் பார்ப்பார். பார்த்ததும் எந்த மேசைக்கு என்று கை தானாகப் போகும். இந்த நிரலும் அப்படியே. உள்ளே நான் என்ன எழுதுகிறேன் என்று அதற்குத் தெரியாது. நிரலின் பெயரும் ஜன்னலின் தலைப்பும்தான் தெரியும்.

அதன் பெயர் டெவில்ஸ்பை. 'பிசாசுப் பணியாரம்' என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் எழுதியவர் ராஸ் பர்ட்டன். பிறகு ஆந்திரியாஸ் ரோன்க்விஸ்ட் என்பவர் அதையே லுவா மொழியில் விதி எழுதும்படி டெவில்ஸ்பை2 ஆக்கினார். லுவா 1993-இல் பிரேசிலில் பிறந்த மொழி. போர்த்துகீசியத்தில் அந்தச் சொல்லுக்கு நிலா என்று அர்த்தம் என்று நான் சொன்னதும் பேரனுக்கு ஆச்சரியம். பிரெஞ்சில் 'லுய்ன்' தெரிந்தவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா!

ஜன்னலுக்கு ஜன்னல் தனி மொழியை நினைவில் வைக்கும் வசதி கணினியிலேயே உண்டு என்பது வாசகர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நானும் கேட்டேன். அது திறந்திருக்கும் ஜன்னலை மட்டுமே நினைவில் வைக்கும், புதிதாகத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. என்னைப்போல மறதிக்காரனுக்கு அது போதாது.

முதல் விதியைச் சொன்னது நான், தப்பாகச் சொன்னதும் நானே. பிரௌசரில்தானே மெயில் பார்க்கிறேன், தலைப்பில் மெயிலின் பெயர் வந்தால் பிரெஞ்சு, தலைப்பு மாறும்போதெல்லாம் பார் என்றேன். மறுநாள் வேறு ஜன்னலில் இந்தப் பக்கத்துக்காக நிரவிப் பெருமாள் கோயிலைப்பற்றித் தமிழில் அடித்துக்கொண்டிருந்தேன். பாதிச் சொல்லில் திடீரென்று பிரெஞ்சு எழுத்து கொட்ட ஆரம்பித்தது. பேரன் அரைமணி நேரம் தலையைச் சொறிந்தான். அந்த நிரலையே, நடப்பதையெல்லாம் வரி வரியாகச் சொல்லும்படி ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. பின்னால் கிடந்த மெயில் ஜன்னலுக்குப் புதிய மெயில் ஒன்று வந்திருக்கிறது. உடனே தலைப்பில் இருந்த எண்ணிக்கை இரண்டிலிருந்து மூன்றாகிவிட்டது. தலைப்பு மாறிவிட்டதே! விதி வேலை செய்துவிட்டது. நான் எந்த ஜன்னலில் இருக்கிறேன் என்று அதைக் கேட்கச் சொல்லவே இல்லையே. தலைப்பு மாறுவது வேறு, ஜன்னல் முன்னுக்கு வருவது வேறு.

ஆகவே மாற்றி எழுதினோம். அக்காவின் கடிதங்களுக்குத் தனியாகத் தண்டர்பேர்ட், அது முன்னுக்கு வந்தால் பிரெஞ்சு. பிரௌசர் வந்தால் தமிழ்99. லிப்ரே ஆபீஸ் வந்தால் ஆங்கிலம், பென்ஷன் கடுதாசிக்கு. கீபோர்டை மாற்றுகிற வேலையை ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் செய்கிறது, பணியாரம் அதற்கு ஒற்றை வரியில் கட்டளை கொடுக்கிறது. மொத்தமே பதினைந்து வரிக்குள்தான். எதை எந்தச் சமயத்தில் ஓட்டுவது என்று சொல்ல இன்னொரு சின்னக் கோப்பு. அதில் எழுதாவிட்டால் ஜன்னல் திறக்கும்போது மட்டும் ஓடும், முன்னுக்கு வரும்போது ஓடாது. இதில் ஒருநாள் போயிற்று.

தமிழ்99-ஐப் பற்றி ஒரு வார்த்தை. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு அது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். பக்கம் என்பதில் வரும் 'க்க'வுக்குப் புள்ளியைத் தேடவேண்டாம். நாம் கேட்காமலே செய்யும் இந்த மாதிரி வேலையை ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், கவனிக்கவில்லை. பேரன் புதிய கணினி ஒன்றையும் வாங்கித்தருவதாகச் சொன்னான். புதிய லினக்ஸ்களில் வேலண்ட் என்ற முறை வந்துவிட்டது, அதில் ஒரு நிரல் மற்ற ஜன்னல்களை எட்டிப்பார்க்க முடியாது, இந்தப் பணியாரம் வேகாது என்றும் அவனே சொன்னான். பழையதே இருக்கட்டும் என்றுவிட்டேன்.

எல்லாம் சரியானபின் அக்காவுக்கு ஒரு முழுப் பக்கம் எழுதினேன். பாயைப் பற்றி, சிரிக்கச் சொன்னதைப் பற்றி, பேரனைப் பற்றி. திரையைப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது, நிம்மதி என்று ஒரு வரி. அடுத்து, இரண்டாம் பத்தியில் வினையெச்சத்தைப் பெண்பாலில் போட மறந்துவிட்டாய், ஸ்கூலிலும் இதே தப்புத்தான் செய்வாய் என்று ஒரு வரி.

பேரனிடம் காட்டினேன். இதற்கு விதி எழுத முடியுமா என்று கேட்டேன். முடியாது தாத்தா என்றான்.