பதின்மூன்றாவது அழைப்பிதழ்

ஊரிலே ஒரு தமிழ் ஆசிரியனுக்கு வகுப்பறைக்கு வெளியேயும் சில கடமைகள் உண்டு. கலியாணப் பத்திரிகையா, கும்பாபிஷேக விஞ்ஞாபனமா, அந்தியேட்டி அழைப்பா, எதுவாயினும் அச்சகத்துக்குப் போகுமுன் என் மேசைக்கு வந்துவிடும். சந்திப் பிழைகளைத் திருத்துவேன். சாரமற்ற சொல்லை நீக்கி நயமான சொல்லை இடுவேன். இருபது வருஷங்களுக்கு மேலாக இத்தொண்டைச் செய்து வருவதால், அழைப்பிதழ் எழுதுவதில் நான் ஒரு நிபுணன் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப் போயிருந்தது. சென்ற வருஷம் என் இளைய மகளின் பத்தாவது பிறந்தநாள் வந்தது. அந்த எண்ணம் அன்றோடு போயிற்று.

ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய மாமன் அவளுக்கு ஒரு ஸ்கேற்போட் அனுப்பியிருந்தார். இரு முனையும் சற்றே மேல்நோக்கி வளைந்த ஒரு பலகை. அடியிலே இரண்டு உலோக அச்சுகள். நான்கு சிறிய சில்லுகள். கால் வழுக்காதிருக்க மேற்பரப்பிலே சொரசொரத்த கறுப்புத் தாள். அவ்வளவுதான். ஆனால் அது வந்த நாள் முதல் அவளுக்குப் பசியும் இல்லை, படிப்பும் இல்லை. எங்கள் வீட்டுக்கு முன்னால் சீமெந்து போட்ட ஒழுங்கையிலே மாலை முழுவதும் அதன் மேல் நின்று கொண்டிருந்தாள். நின்ற நேரத்திலும் விழுந்த நேரமே அதிகம்.

இந்த விளையாட்டை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்ற எண்ணத்துடன் அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். குறை காணப் போனவனுக்கு வியப்பே மிஞ்சியது. கலிபோர்ணியாக் கரையிலே அலைமேற் சறுக்கி விளையாடும் இளைஞர்கள், கடலில் அலை எழும்பாத நாட்களில் என்ன செய்வதென்று அறியாமல், பலகையின் அடியிலே உருளைச் சப்பாத்தின் சில்லுகளைப் பூட்டித் தெருவில் ஓடினார்கள். 1950ஆம் ஆண்டுகளில் இவ்வாறு பரவிய விளையாட்டு இது. அக்காலத்துச் சில்லுகள் உலோகத்தால் ஆனவை; பின்னர் களிமண் கலந்து செய்தார்கள். வழியிலே ஒரு சிறு கல் கிடந்தாலும் போதும், பலகை நின்றுவிடும், ஆள் போய்விடுவான். 1970ஆம் ஆண்டுகளில் யூரித்தேன் என்னும் மெத்தென்ற பொருளால் ஆன சில்லுகள் வந்த பின்னரே விளையாட்டு நிலைபெற்றது. 2021இல் ரோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் இதற்கு முதன்முறையாக இடம் கிடைத்தது. மகளிர் வீதிப் போட்டியில் அன்று தங்கப் பதக்கம் பெற்ற ஜப்பானியச் சிறுமி மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. 2024இல் பாரிஸ் நகரில் அவுஸ்திரேலியாவின் அரிசா ட்ரூ தங்கம் வென்றபோது அவருக்கு வயது 14. இவற்றையெல்லாம் மகளிடம் சொன்னேன். "எனக்கு முதலே தெரியும் அப்பா" என்றாள்.

ஆகவே, பிறந்தநாளும் ஸ்கேற்போட் பிறந்தநாளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் தீர்மானித்ததில் வியப்பில்லை. அழைப்பிதழ் எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். "எங்கள் செல்வப் புதல்வியின் பத்தாவது அகவை நிறைவு வைபவத்துக்குத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து" என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதி நீட்டினேன். அவள் வாய்க்குள் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"அப்பா, இது திருவிழா நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு. என்ரை சிநேகிதப் பிள்ளையள் பயந்து வராமல் விட்டிடுவினம்."

அதன் பின் அவளே எழுதினாள். "எனக்கு 10 வயது ஆகிறது. எங்கள் ஒழுங்கைக்கு விளையாட வாருங்கோ. சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கோ. தலைக்கவசம் என்னிடம் இருக்கிறது. மாறி மாறிப் போடலாம். பரிசு வேண்டாம். விழுந்தால் வெட்கப்பட வேண்டாம். நான் கை தந்து தூக்கிவிடுவேன்." கீழே திகதி, நேரம், வீட்டு இலக்கம். இதிலே திருத்துவதற்கு என் சிவப்புப் பேனாவுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை.

அட்டை செய்யும் வேலை ஒரு வாரம் நடந்தது. பலகையின் நீளத்தையும் அகலத்தையும் அடிமட்டத்தால் அளந்தோம்: 32 அங்குலமும் 8 அங்குலமும். நாலில் ஒன்றாகக் குறைத்தால் 8 அங்குலமும் 2 அங்குலமும் என்று அவளே கணக்குப் பார்த்தாள். அந்த அளவுக்குப் பிறிஸ்ரல் போட்டை வெட்டி, இரு முனையையும் வட்டமாக்கினோம். மேற்பக்கத்தில் தச்சர் மரந்தேய்க்கும் தாளிலே ஒரு துண்டு, அடிப்பக்கத்தில் எழுத்து. தேயிலைப் பக்கற்றின் வெள்ளித் தாளை மடித்து அச்சுகள் செய்தோம். சில்லுகளுக்குச் சட்டைத் தெறிகள். பன்னிரண்டு அட்டைக்கு நாற்பத்தெட்டுத் தெறிகள் வேண்டியிருந்தன. என் பழைய சட்டைகள் எல்லாம் தெறி இழந்தன. தையற்காரரிடமும் ஒரு பிடி வாங்கினோம்.

வேலை முடிந்ததும் என் தாயாரிடம் கொண்டு போய்க் காட்டினாள். அப்பாச்சிக்கு எண்பது வயது. அழைப்பிதழ் என்றால் மூலையிலே மஞ்சள் தடவ வேண்டும் என்பது அவரின் சட்டம்.

"இதுக்கு மூலையே இல்லையே அப்பாச்சி?"

"மூலை இல்லாட்டில் என்ன, முனை இருக்குத்தானே. இரண்டு முனையிலும் தடவு."

அவ்வாறே தடவினார்கள். பிறகு அப்பாச்சி அட்டைகளை எண்ணினார். "பன்னிரண்டுதானோ?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள்.

இங்கே நான் என் குடும்ப விடயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் காணிக்கு அடுத்த காணி என் அண்ணருடையது. முன்னர் இடையிலே கதியால் வேலி இருந்தது. அதிலே ஒரு பொட்டும் இருந்தது. காலையில் அங்கிருந்து கறிவேப்பிலை வரும். மாலையில் இங்கிருந்து முருங்கைக்காய் போகும். வேலியை எடுத்து மதில் கட்டத் தொடங்கியபோது எல்லையிலே இரண்டடி நிலம் பற்றிப் பேச்சு வந்தது. பேச்சு ஏச்சாகியது. அண்ணர் கோபக்காரர், ஏசிவிட்டு மறந்திருப்பார். படித்தவனாகிய நான் ஏசவில்லை. சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து அவருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். அதன் வாசகத்தைச் செப்பம் செய்தவனும் நானே. நல்ல தமிழிலே எழுதப்பட்ட கடிதம் அது. என் வீட்டிலிருந்து அண்ணர் வீட்டுக்குப் போன கடைசித் தாளும் அதுதான். மதில் எழும்பிற்று, பொட்டு அடைபட்டது, மூன்று வருஷங்கள் நாங்கள் பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவிலே, யார் பக்கமும் பேச மாட்டாமல், என் தாயார் இருந்தார்.

பிள்ளைகள் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து இடவில்லை. அண்ணரின் கடைக்குட்டி மகன் என் மகளின் வகுப்பிலேயே படிக்கிறான். ஒழுங்கை இருவருக்கும் பொது. பெரியவர்கள் கண் மறைந்த நேரங்களில் ஸ்கேற்போட்டும் பொதுவாகவே இருந்து வந்தது. பன்னிரண்டு அட்டைகளில் ஒன்று அவனுக்கு என்பது எனக்குத் தெரியும். தெரியாதவன்போல் இருந்தேன்.

"அவன் மட்டும் வந்தால் காணுமோ அப்பா? பெரியப்பாவும் பெரியம்மாவும் வர வேண்டாமோ?" என்று மகள் கேட்டாள்.

"அப்படியெண்டால் இன்னொரு அட்டை செய்து அவனிட்டைக் குடுத்து விடு" என்றேன்.

"பெரிய ஆக்களுக்கு வீட்டுக்குப் போய் நேரிலை சொல்ல வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சொன்னது உண்மைதான். கலியாணப் பத்திரிகை திருத்தக் கொண்டு வருபவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் புத்திமதி அது. தபாலில் அனுப்பினால் அது அறிவித்தல். படலை திறந்து போய்ச் சொன்னால்தான் அழைப்பு என்று எத்தனையோ பேருக்கு உபதேசித்திருக்கிறேன். மகள் அதைத் திண்ணையில் இருந்து கேட்டிருக்கிறாள்.

பதின்மூன்றாவது அட்டையை அன்றிரவே வெட்டினாள். தெறிகள் தீர்ந்து போயிருந்தன. அப்பாச்சி எழுந்து போய்த் தம் தகரப் பெட்டியைத் திறந்து, சிறிய துணி முடிச்சு ஒன்றைக் கொண்டு வந்தார். அதிலே நான்கு வெள்ளைத் தெறிகள் இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை மகளின் கையைப் பிடித்துக் கொண்டு புறப்பட்டேன். பொட்டு இருந்த காலத்தில் பத்தடி. இப்பொழுது ஒழுங்கையால் சுற்றிப் போக முப்பது யார் தூரம். அந்த முப்பது யாரையும் நடந்தபோது, முதன்முறை வகுப்பெடுக்கப் போன நாளிலும் இல்லாத நடுக்கம் என் கால்களில் இருந்தது. படலையைத் திறந்தேன். அண்ணர் விறாந்தையிலே பத்திரிகை வாசித்துக் கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். என்னை "வா" என்றும் சொல்லவில்லை, "போ" என்றும் சொல்லவில்லை.

"அண்ணை, பிள்ளைக்கு வாற ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். சொல்ல வந்தனான்" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தமிழ் வரவில்லை.

மகள் இரண்டு கையாலும் அட்டையை நீட்டினாள். அண்ணர் வாங்கிச் சொரசொரத்த பக்கத்தை விரலால் தடவினார், திருப்பி வாசித்தார். பிறகு சில்லுகளைப் பார்த்தார். பெருவிரல் ஒரு சில்லின் மேல் நின்றது.

"இது ஐயாவின்ரை சேட்டுத் தெறி எல்லோ?"

"ஓம் பெரியப்பா, அப்பாச்சி தந்தவ" என்றாள் மகள். எனக்கு அப்பொழுதுதான் தெரிந்தது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "பாப்பம்" என்றார். உள்ளே திரும்பி, "பிள்ளைக்கு ஏதும் குடிக்கக் குடு" என்று அண்ணியிடம் சொன்னார். தேநீர் இரண்டு கோப்பையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்து ஒழுங்கை நிறைந்த பிறகே அண்ணர் வந்தார். நேரே அம்மாவின் அருகில் போய்க் கதிரையைப் போட்டு இருந்தார். என்னோடு அதிகம் பேசவில்லை. வடை நன்றாக இருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னார். ஒழுங்கையிலே அவருடைய மகன் பலகையிலிருந்து சறுக்கி விழுந்தபோது நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். நாங்கள் போய்ச் சேருமுன் என் மகள் கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டாள். அட்டையில் எழுதியபடியே செய்தாள். நாங்கள் இருவரும் நடு ஒழுங்கையில் பக்கத்துப் பக்கத்தே நின்றோம்.

"மதிலிலை ஒரு சின்னப் படலை விட்டிருக்கலாம்" என்றார் அண்ணர்.

"விட்டிருக்கலாம்" என்றேன் நான்.

படலை இன்னும் வைத்தபாடில்லை. இரண்டடி நிலத்தின் கதையும் முடியவில்லை. ஆனால் அதைச் சட்டத்தரணியிடம் பேசாமல் அண்ணரின் விறாந்தையில் இருந்து பேசுகிறோம். சில நாட்களில் பேசவும் மறந்துவிடுகிறோம். அந்த அட்டையை அண்ணர் தம் பத்திரிகைகளோடு மேசைமேல் வைத்திருக்கிறார். என் தாயார் இப்பொழுது முப்பது யார் சுற்றி நடந்து அங்கே போய் வருகிறார்.

இன்றும் அழைப்பிதழ்கள் திருத்துவதற்காக என் மேசைக்கு வருகின்றன. சந்திப் பிழைகளைப் பழையபடியே திருத்துகிறேன். திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதை யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது? முதலில் அங்கே போய் வாருங்கள்."