தீமேடை

நெருப்பைச் சுற்றி நிற்பவர் தம் முகத்தை மறைத்துக்கொள்ள இயலாது. இருளில் யாரோ ஒருவராய் நின்றவர், தீயின் அருகே வந்ததும் இன்னார் என அறியப்படுகிறார். பாஸ்கா இரவில் புதுத் தீயைச் சுற்றி இறைமக்கள் கூடுவதன் பொருளில் இதுவும் ஒன்று என நாம் எண்ணுகிறோம்.

நம் பங்கில் அத்தீ பல்லாண்டுகளாக ஆலயத்தின் பின்புற மணலில், பழைய இரும்புச் சட்டியொன்றில் எரிந்தது. பீடச் சிறுவரும் பாடகர் குழுவினருமே அதைக் கண்டனர். பின்னால் நின்றோர்க்குக் கிடைத்தது புகைதான். மணலில் சக்கர நாற்காலி புதையும் என்பதால் நோயுற்றோரும் முதியோரும் இருண்ட ஆலயத்துக்குள் அமர்ந்து, திரி வரும்வரை காத்திருந்தனர்.

ஆகவே, தீக்கு உயர்ந்த மேடையும் சுற்றிலும் சமதளமும் அமைக்கலாம் என்றோம். "ஆண்டில் ஓர் இரவு எரியும் தீக்கு இவ்வளவு செலவா?" என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பல நூற்றாண்டுகளாக இவ்வழிபாடு புனித சனிக்கிழமைக் காலையிலேயே நடந்து வந்தது. பகலில் மூட்டிய தீ யாருக்கு ஒளி தரும்? திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் சோதனை முறையாகவும், 1955-இல் ஆணையாகவும் அதனை மீண்டும் இரவுக்குக் கொணர்ந்தார். தீயின் சுவாலை மெய்யாகவே இருளை அகற்ற வேண்டும் என 1988-இல் திருவழிபாட்டுப் பேராயத்தின் சுற்றுமடலும் வலியுறுத்தியது. காண முடியாத தீ அடையாளமாவதில்லை. இவற்றைச் சொன்னோம், பேரவை இசைந்தது.

வேலையை ஏற்ற கொத்தனார் ஆற்றுக்கல்லைத் தொட மறுத்துவிட்டார். "நீர் குடித்த கல் சூட்டில் வெடிக்கும், சாமி" என்றார். உட்புறம் தீச்செங்கல், வெளிப்புறம் சாதாரணச் செங்கல் என முழங்கால் உயரத்துக்கு வட்டமாகக் கட்டினார். உள்ளே மூன்றடி அகலம். காற்று புகவும் மழைநீர் வடியவும் அடியில் துளைகள். மேடையைச் சுற்றி எட்டடிக்கு மண்ணைத் தோண்டி, ஜல்லி கொட்டி இடித்து, அதன்மேல் மணலை மட்டம் பார்த்துப் பரப்பி, பேவர் கற்களை அடுக்கினார். நீர் தேங்காதிருக்க வெளிப்புறமாகச் சிறு சரிவும் கொடுத்தார்.

"இடையில் சிமெண்டு பூச வேண்டாமா?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். "பூசினால் மழை மண்ணுக்குள் இறங்காது. ஒரு கல்லை மாற்ற ஒன்பது கல்லை உடைக்க வேண்டும். மணலே போதும். ஓரத்தை மட்டும் இறுகக் கட்டினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்" என்றார் அவர். பங்கு வாழ்வைப் பற்றி நாம் ஆற்றிய பல மறையுரைகளைவிட இது சுருக்கமானது.

இவ்வாண்டு புதுத் தீயைச் சுற்றி முதல் வரிசையில் சக்கர நாற்காலிகள் நின்றன. சொத்து வழக்கொன்றால் ஒன்பது ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் அண்ணனும் தம்பியும் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றனர். மணல்வெளி இருட்டில் ஒருவரையொருவர் காணாமலே கலைந்து செல்ல முடிந்தது, இம்முறை முடியவில்லை. அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆயினும், மற்றவர் முகத்தில் ஏறியிருந்த முதுமையை இருவரும் கண்டனர்.

அப்போது நம் நினைவுக்கு வந்தவர் பேதுரு. கரிநெருப்பைக் குறிக்கும் 'அந்த்ராக்கியா' என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இருமுறையே வருகிறது. இரண்டும் யோவான் நற்செய்தியில். தலைமைக் குருவின் முற்றத்தில் அத்தகைய தீயருகே குளிர்காய்ந்தபடி பேதுரு ஆண்டவரை மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவரோ ஏரிக்கரையில் அதே போன்ற தீயை மூட்டி, அப்பமும் மீனும் வைத்து அவருக்காகக் காத்திருந்தார். கடந்ததைக் குறித்து ஒரு சொல்லும் கேட்கவில்லை, முதலில் உணவளித்தார். அதன் பின்னரே, "அன்பு செய்கிறாயா?" என்று மும்முறை வினவினார்.

அந்தச் சகோதரருக்கு நாமும் இன்னும் அறிவுரை ஏதும் கூறவில்லை. திங்கள்தோறும் ஓர் அன்பியம் தீமேடையருகே கூடிச் செபித்து, கஞ்சி பகிர்ந்து கலைவதென ஏற்பாடு செய்துள்ளோம். இருவரும் ஒரே அன்பியத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் முறை ஆவணியில் வருகிறது. விறகு சேர்த்து வைத்திருக்கிறோம்.