சிணுங்கும் வண்டி

பசித்த குழந்தை அழும். காதுவலி கண்ட குழந்தையும் அழும். இரண்டு அழுகையும் அடுத்த வீட்டாருக்கு ஒன்றுபோலவே கேட்கும். பெற்றவளோ, அழுகை எப்போது தொடங்கிற்று, தூக்கினால் அடங்குகிறதா, படுக்கவைத்தால் கூடுகிறதா என்று பார்த்து நோயைக் கண்டுகொள்கிறாள். மோட்டார் வண்டியின் சிணுங்கலுக்கும் இதுவே முறை என்பதை நான் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கற்கவில்லை. ஆண்டாப் ஹில்லில், எங்கள் குடியிருப்பின் கீழே நின்ற ஒரு வாடகைக் காரின் முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு கற்றேன்.

ஆண்டாப் ஹில் என்றதும் மாதுங்கா நண்பர்கள் சற்றே முகம் சுளிப்பதுண்டு. நடந்தே வந்துவிடக் கூடிய தொலைவுதான். ஆனால் அங்கே கோயிலும் காப்பியும், இங்கே லாரியும் புழுதியும்! வடாலா லாரி நிலையத்தின் இரைச்சல் இரவிலும் ஓய்வதில்லை. உப்பளப் பக்கத்துக் காற்று இரும்பைக் கண்டால் விடுவதில்லை. இத்தனைக்கும் நடுவில் நெல்லைத் தமிழைக் காது குளிரக் கேட்க வேண்டுமானால் எங்கள் தெருவுக்குத்தான் வரவேண்டும்.

அந்தத் தமிழுக்கு உரியவர் அண்ணாச்சி. இந்நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வண்டி ஓட்டுகிறவர். சென்ற மே மாதம் ஒரு மாலை என்னைப் படிக்கட்டில் மறித்துக்கொண்டார்.

“தம்பி, நீ எஞ்சினுக்குத்தானே படிக்கே? ஏசியைப் போட்டா வண்டி ஙொய்ன்னு சிணுங்குது. கம்ப்ரசர் போச்சாம், புதுசு மாத்தணுமாம். பதினெட்டாயிரம் கேக்கான்.”

18,000 ரூபாய்! ஜூன் மாதம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த வைத்திருந்த தொகை ஏறக்குறைய அவ்வளவே. வண்டியைக் குளிரில்லாமல் ஓட்டவும் வழியில்லை. மே மாதத்து மும்பை வெயிலில் குளிர்காற்று இல்லையென்றால், பயணி வாய்திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். இறங்கியபின் கைப்பேசியில் நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவார். அது நாலுபேர் முன்னால் திட்டுவதைக் காட்டிலும் கொடிது.

“எந்நேரமும் கேக்குதா, ஏசி போட்டா மட்டுந்தானா?” என்றேன்.

“ஏசியை எப்பம் நிறுத்துனேன், தெரியறதுக்கு?” என்றார் அவர்.

நல்ல விடை. பழுது பார்த்த கடையிலும் அதை நிறுத்திப் பார்க்கவில்லை என்பது அதிலேயே விளங்கிற்று.

இங்கே நண்பர்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். வண்டியின் குளிர்சாதனத்திற்கு உயிர்நாடி கம்ப்ரசர். ஆவியாக வரும் குளிரூட்டும் வாயுவை அமுக்கி அனுப்புவது அதன் வேலை. இயந்திரத்தின் சுழற்சி ஒரு பெல்ட்டு வழியாகக் கம்ப்ரசரின் புல்லிக்கு வருகிறது. புல்லிக்கும் கம்ப்ரசரின் அச்சுக்கும் நடுவில் மின்காந்தக் கிளச்சு ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கிறதல்லவா? கிளச்சு பற்றிக்கொள்ளும் ஓசை அது. பற்றினால்தான் கம்ப்ரசர் சுழலும். பற்றாத வேளையில் புல்லி மட்டும் தன் பேரிங்கின்மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இந்தக் கிளச்சு பிறகு வந்த வசதி. தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்தி வந்த முதற் கார், அமெரிக்காவின் பாக்கார்டு, 1940ஆம் ஆண்டு மாதிரி. அதில் கிளச்சே இல்லை. குளிர் போதுமென்றால் துரைமகன் வண்டியை நிறுத்தி, இறங்கி, மூடியைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

ஆகவே கேள்வி எளிது. குளிர்சாதனத்தைப் போட்டால் மட்டும் ஓசை, நிறுத்தினால் ஓசை அறவே இல்லையென்றால், ஐயம் கம்ப்ரசரின் உள்ளே செல்லும். அல்லது வாயுவின்மேல் செல்லும். கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றிவருகிறது. கசிவினால் வாயு குறைந்தால் எண்ணெய் திரும்பி வருவதும் குறையும்; உள்ளுறுப்புகள் உலர்ந்து அழும். கசிவைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்பி அனுப்பும் கடைகள் நம் நகரில் ஏராளம். ஓட்டைப் பானையில் நீர் வார்க்கும் தொழில் அது. இனி, பொத்தானை அணைத்த பிறகும் ஓசை தொடருமானால், வண்டி ஓடும்போதெல்லாம் சுற்றுகின்ற பொருள்களில் ஒன்றுதான் குற்றவாளி. (கிளச்சே இல்லாத கம்ப்ரசர்களும் இப்போது புது வண்டிகள் பலவற்றில் உண்டு. அவற்றிடம் இச்சோதனை செல்லாது.)

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு இருவரும் இறங்கினோம். அந்நேரம் விட்டால் எங்கள் தெருவில் தன் குரலே தனக்குக் கேட்காது. குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பி, குளிர்சாதனத்தை அணைத்தே வைத்தோம். சிணுங்கல் இருந்தது! மெல்லியதுதான், ஆயினும் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் ‘டக்’. உடனே சிணுங்கல் பெருத்தது. அணைத்ததும் சிறுத்தது, சாகவில்லை.

“அப்பம் கம்ப்ரசர் இல்லையா?” என்றார் அண்ணாச்சி. குரலில் ஆவல்.

அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூறலாகாது. அதே பெல்ட்டில் ஆல்டர்னேட்டரும் இழுவைப் புல்லியும் தொங்குகின்றன. முடுக்கியை மிதித்தால் ஓசையின் சுருதி ஏறிற்று. ஆனால் அவ்வரிசையில் எது கெட்டாலும் சுருதி ஏறத்தான் செய்யும். மின்விசிறியைக் கூட்டி, முகப்பு விளக்குகளையும் போட்டு ஆல்டர்னேட்டருக்குப் பளுவேற்றிப் பார்த்தோம். ஓசை மாறவில்லை. ஒரு சந்தேகம் மெலிந்தது.

எஞ்சியதற்குக் கைத்திறன் வேண்டியிருந்தது. லாரி நிலையத்தருகே வேலை செய்யும் ஒரு முதிய மிஸ்திரியிடம் போனோம். கதையை நான் இந்தியில் விளக்கத் தொடங்கியதும் கையமர்த்திவிட்டார். நீண்ட திருப்புளி ஒன்றின் முனையைக் கம்ப்ரசரின் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்துக்கொண்டார். (சுழலும் பெல்ட்டருகே இதைச் செய்யப் பழகிய கை வேண்டும். தோளில் துண்டோடு குனியவே கூடாது.) பிறகு பெல்ட்டைக் கழற்றி, சில வினாடிகள் மட்டும் இயந்திரத்தை ஓடவிட்டார். சிணுங்கல் அடியோடு மறைந்தது. நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுழற்றினார். ஆல்டர்னேட்டர் வழுவழு. இழுவைப் புல்லி வழுவழு. கம்ப்ரசர் புல்லி மட்டும் மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. ஆனால் அதன் முன்னே உள்ள கிளச்சுத் தட்டைத் திருகியபோது, கம்ப்ரசரின் அச்சு தடையின்றித் திரும்பிற்று. உள்ளே நோயில்லை; வாசற்படியில்தான் நோய்!

பேரிங்கும் கூலியுமாக 1,600 ரூபாய். கழற்றிய பழைய பேரிங்கை மிஸ்திரி துடைத்துக் காட்டினார். கிரீசு இருக்க வேண்டிய இடத்தில் செங்காவி நிறச் சேறு.

“போன மழையில கிங்ஸ் சர்க்கிள்ல முழங்கால் தண்ணியில நின்னேன்லா, ஒரு மணி நேரம்” என்று அண்ணாச்சி தாமாகவே சொன்னார்.

அதுதான். ஓடிச் சூடேறிய பேரிங் திடீரென்று நீரில் முழுகினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, மூடியின் ஓரம் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். மழையன்று ஒன்றும் தெரியாது. துரு மாதக்கணக்கில் தன் வேலையைச் செய்தபின், வெயிற்காலத்தில் குரல் வெளிவரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததே, அந்த அளவு வேண்டுமென்பதில்லை. ஆண்டுதோறும் தேங்கும் நீரே போதும்.

புதுப் பேரிங்கோடு வண்டி கிளம்பியது. பொத்தானை அழுத்தினால், உற்றுக் கேட்பவருக்கு மட்டும் ஒரு தாழ்ந்த முனகல் கேட்டது. “இது?” என்று புருவத்தை உயர்த்தினார் அண்ணாச்சி.

“இது கம்ப்ரசரோட சொந்தக் குரல், அண்ணாச்சி. பேசாம இருந்தாத்தான் கவலைப்படணும்.”

கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டுவிட்டது. வாயுவின் அளவையும் கசிவையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லியிருந்தேன். “மழை முடியட்டும், தம்பி” என்று அதை ஒத்திவைத்திருக்கிறார்.