அப்பாவின் நித்திரையும் என் கிராபிக்ஸ் கார்டும்

போன கோடை முழுக்க ஒரு கோப்பிக் கடையில் நின்று உழைத்த காசில் புது கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கினேன். என் கொம்பியூட்டரை நானே பூட்டியவள் என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கார்டைச் செருகி, கேமைத் திறந்து, பத்து நிமிடத்தில் சத்தம் தொடங்கியது. தலைமுடி உலர்த்தும் மெஷின் ஒன்றை மேசைக்குக் கீழே வைத்த மாதிரி. ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு விளையாடினேன். எனக்குப் பிரச்சினை முடிந்தது.

நாலாம் நாள் அம்மா கேட்டா: "பிள்ளை, அப்பா படுக்கிற நேரத்திலையாவது அந்தப் பெட்டியை நிப்பாட்டேலாதோ? மனுசன் நித்திரையில்லாமல் ஹோலுக்கை போய் இருக்கிறார்."

எங்கள் வீடு ஸ்காபரோவில். அப்பா றெஸ்ரோறன்ட் ஒன்றின் கிச்சனில் வேலை. நடுச்சாமம் தாண்டித்தான் வீட்டுக்கு வருவார், காலையில்தான் நல்லாய் நித்திரை கொள்வார். நான் மேசையில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சுவர்.

"அவ்வளவு சத்தமோ அம்மா?"

"சத்தம் எண்டில்லை. சும்மா இருந்திட்டுத் திடீரெண்டு எழும்புதெல்லோ, அதுதான். ஹெலி வாற மாதிரிக் கிடக்காம்."

1990இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த மாதங்களில் அப்பாவுக்கு 12 வயது. ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. நான் அவருக்கு அடிக்கடி சொல்வது ஒரே ஒரு வசனம்: "உங்களுக்கு இது விளங்காது அப்பா." உங்களில் பலரும் இதைச் சொல்லியிருப்பீர்கள்.

கார்டைக் கடையில் திருப்பிக் கொடுக்க இன்னும் 11 நாள் இருந்தது. பழுது கார்டிலா, நான் பூட்டிய விதத்திலா என்று அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் அளந்தேன். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் கார்டில் உள்ள உணரிகளை எல்லாம் காட்டும். கேம் ஓடும்போது 84 பாகை. 'ஹொட் ஸ்பொட்', அதாவது சிப்பின் மிகச் சூடான புள்ளி, 97. இந்த இரண்டுக்கும் நடுவில் 10, 15 பாகை வித்தியாசம் இருப்பது வழமை. அது 25, 30 என்று போனால்தான் சிப்புக்கும் அதன் மேல் இருக்கும் ஹீட்சிங்குக்கும் தொடுகை சரியில்லை என்று சந்தேகிக்க வேண்டும். என்னுடையது 13. அந்தப் பக்கம் பிழையில்லை. ஆனால் பல கார்ட்கள் 83 பாகையை ஒட்டியதும் தாங்களாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். நான் காசு கொடுத்த வேகம் எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

அடுத்து, சத்தத்தைப் பிரித்துக் கேட்டேன். உண்மையில் இரண்டு சத்தங்கள் இருந்தன. ஒன்று காற்றின் இரைச்சல், அது விசிறி. மற்றது நுளம்பு மாதிரி ஒரு கீச்சு. அது விசிறி இல்லை. கார்டில் இருக்கும் கம்பிச் சுருள்கள், மின்னோட்டம் ஏறி இறங்கும்போது அதிர்கிற சத்தம். கேமின் மெனுவில் நொடிக்கு 600 ஃபிரேம் ஓடும்போதுதான் கீச்சு பலமாக இருந்தது. 144க்கு மேல் போகாமல் கட்டிவைத்தேன். கீச்சு கிட்டத்தட்ட நின்றது.

மூன்றாவது சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை ஓடவிட்டேன். 84 இருந்தது 71 ஆனது. கார்ட் நல்லது. பெட்டிக்குத்தான் மூச்சு முட்டுகிறது. ஆனால் முன்னுக்கு ஒரு விசிறி, பின்னுக்கு ஒரு விசிறி என்று சரியாகத்தானே வைத்தேன்?

அப்படியே நிலத்தில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா வாசலில் நின்றார். நித்திரை இல்லாத கண்.

"என்ன பிள்ளை, பழுதாப் போச்சோ?"

வாய் வரைக்கும் அந்த வசனம் வந்தது. விழுங்கிவிட்டு, "சூடு வெளியிலை போகுதில்லை அப்பா" என்றேன்.

குனிந்து பார்த்தார். டிசுப் பேப்பர் ஒன்றை எடுத்து, மெல்லிசாகக் கிழித்துப் பின் விசிறியில் பிடித்தார். பேப்பர் வெளியே பறந்தது. முன் விசிறியில் பிடித்தார். அங்கேயும் வெளியே பறந்தது.

"இரண்டும் வெளியதானே தள்ளுது. அப்ப எதாலை உள்ள வாறது? கிச்சனிலை ஹூட் மட்டும் இழுத்து, வெளிக்காத்து உள்ள வரேல்லையெண்டால் பின்கதவைத் திறக்கவே ஏலாது. அப்பிடி இழுத்துப் பிடிக்கும்."

முன் விசிறியை நான் திருப்பிப் பூட்டியிருந்தேன். மோட்டரைத் தாங்கும் சட்டம் இருக்கிற பக்கத்தால்தான் காற்று வெளியேறும். ஸ்குரூ நாலையும் கழற்றினேன், அப்பா லைட் பிடித்தார். பெட்டி நிலத்தில் இருந்த ஹீட்டர் துவாரத்துக்குப் பக்கத்தில் நின்றதையும் அவர்தான் காட்டினார். அதை அரக்கி மறுபக்கம் வைத்தோம். கதவை மூடி ஓடவிட்டதில் 73 பாகை.

இனி மிஞ்சியது அந்தத் 'திடீர்'. இப்போதைய கார்ட்களில் பலவற்றின் விசிறி, சூடு ஒரு அளவைத் தாண்டும்வரை சுற்றவே சுற்றாது. என் கார்டில் அது 60 பாகை. பெட்டிக்குள் சூடு தேங்கி நின்றதால், கேம் இல்லாமல் வீடியோ பார்க்கும்போதுகூட 59, 61, 59 என்று ஆடிக்கொண்டிருந்தது. விசிறி தொடங்கும், நிற்கும், திரும்பத் தொடங்கும். ஹெட்ஃபோனுக்குள் இருந்த எனக்கு அது கேட்டதே இல்லை.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் விசிறியின் வளைகோட்டை நானே வரைந்தேன். நிற்கவே விடாமல், காதுக்குக் கேட்காத வேகத்தில் எப்போதும் சுற்றவிட்டேன். 'ஹிஸ்டெரிசிஸ்' என்ற இடத்தில் 5 போட்டேன். சூடு 5 பாகை இறங்கினால்தான் விசிறியும் வேகம் குறையும், அதனால் ஏறி இறங்கி ஆடாது. கடைசியாக, வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தேன். சிப் இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவது, அதனால் சிறிய குறைப்பும் நல்ல பலன் தரும். 220 வாட் இழுத்த கார்ட் 180க்கு வந்தது. கேமில் போனது மூன்று ஃபிரேம். இப்போது 67 பாகை.

உங்களுக்கும் இப்படி வந்தால் இதே ஒழுங்கில் போங்கள்: அளவுங்கள், சத்தத்தைப் பிரியுங்கள், கதவைத் திறந்து பாருங்கள், காற்றின் திசையைப் பாருங்கள். மென்பொருளும் வோல்டேஜும் அதற்குப் பிறகு. கார்டைக் கழற்றிப் பேஸ்ட் மாற்றப் போகாதீர்கள், புதுக் கார்ட் என்றால் கடைக்காரரிடம் கொடுங்கள்.

அடுத்த நாள் காலை பதினொரு மணிவரைக்கும் அப்பாவின் அறைக்கதவு திறக்கவில்லை. அம்மா சமையலறையில் சட்டி வைக்கும் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டா.

எழும்பி வந்து தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன்: "அப்பா, அந்தப் பங்கரை ஆர் வெட்டினது?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நானும் அப்பப்பாவும்தான். மண் சரியான இறுக்கம்" என்று தொடங்கினார்.

அன்று கொம்பியூட்டரைப் போட எனக்குப் பின்னேரம் ஆகிவிட்டது.