பாட்டுக்குள் ஒளிந்த பெயர்

"சிவன் பாட்டு எழுதுனாரு. ராமனுக்கு அடிமைன்னு கையெழுத்துப் போட்டாரு. ஆரு?"

கேட்டவள் எழுபதைத் தாண்டிய பாட்டி. பதில் சொல்ல வேண்டியவள் பேத்தி. ஏழாவதோ எட்டாவதோ படிப்பாள். பிளவக்கல் பெரியாறு அணைப் பூங்காவில் மரநிழலில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டுச்சோறு முடிந்து, தூக்குச்சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. எதிரே கரை, கரைக்கு அப்பால் மேற்கு மலை.

"பாபநாசம் சிவன். முத்திரை ராமதாசன்."

பாட்டி தலையை ஆட்டுகிறாள். பாராட்டு அவ்வளவுதான்.

"பாட்டுல தியாகராஜர் பேரு இருக்கு. ஆனா அது தியாகராஜர் பாட்டு இல்ல."

இது சுலபமில்லை. பக்கத்துச் சிமெண்டுப் பெஞ்சில் இருந்த எனக்கே கொஞ்சம் யோசனை தேவைப்பட்டது. சிறுமி காய்ந்த புல்லைக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறாள். பாட்டி அவசரப்படுத்தவில்லை, துப்பும் கொடுக்கவில்லை. நல்ல ஆசிரியரை அந்த மௌனத்தில் கண்டுகொள்ளலாம்.

"அம்மாச்சி! திருவாரூர்ச் சாமி பேரும் தியாகராஜர்தானே? தீட்சிதர் பாடியிருக்காரு!"

"ம். முத்திரை குருகுஹ. அதையும் சேத்துச் சொல்லு."

அடுத்து மேளகர்த்தா. எழுபத்திரண்டு தாய் ராகங்கள்; ஒவ்வொன்றின் பெயருக்குள்ளும் அதன் எண் பூட்டப்பட்டிருக்கிறது. கடபயாதி கணக்கில் முதல் இரண்டு எழுத்துகளுக்கு உரிய எண்களைத் திருப்பிப் போட்டால் பூட்டு திறக்கும். மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று, திருப்பினால் 15. ஹரிகாம்போதியில் ஹ எட்டு, ரி இரண்டு, 28. சிறுமி விரல் மடக்காமலே சொல்கிறாள். பாட்டி கரஹரப்பிரியாவைக் கேட்கிறாள்.

"க ஒண்ணு, ர ரெண்டு. இருபத்தொண்ணு."

"அப்ப கீரவாணி?"

"கீ ஒண்ணு, ர ரெண்டு... அதுவும் இருபத்தொண்ணு." குரல் இறங்குகிறது. "ஒரே நம்பர்ல ரெண்டு ராகம் வராதே."

"வராது. எங்க தப்புன்னு நீயே பாரு."

தரையில் குச்சியால் எழுதுகிறாள், அழிக்கிறாள். நமக்கு ஒரே க, சமஸ்கிருதத்தில் நான்கு. கரஹரப்பிரியாவின் க அந்த வரிசையில் இரண்டாவது, அடிவயிற்றிலிருந்து அழுத்திச் சொல்ல வேண்டியது. பாட்டி விளக்கவில்லை, அந்தப் பெயரை ஒருமுறை அழுத்தி உச்சரித்துக் காட்டினாள். சிறுமியின் முகம் மலர்ந்தது. "ரெண்டாவது க! இருபத்திரண்டு!" காதால் திறந்த பூட்டு அது. கண்ணால் படித்திருந்தால் திறந்தே இருக்காது.

விடவில்லை பாட்டி. "சிம்ஹேந்திரமத்தியமம்." சி ஏழு, ஹே எட்டு, திருப்பினால் 87. இருப்பதே எழுபத்திரண்டுதான். சிறுமி இம்முறை தானே சுதாரித்துக்கொண்டு, ஹே-யை விட்டுவிட்டு ம்-ஐ எடுத்தாள். ஐம்பத்தேழு.

பிறகு பேச்சு தீட்சிதரிடம் போய் நின்றது. போகாமல் எப்படி? பெயரை ஒளித்து வைப்பதில் அவருக்கு இணை யார்? எல்லோரும் பாடும் வாதாபி கணபதியிலேயே கடைசியில் குருகுஹவும் ஹம்ஸத்வனியும் அடுத்தடுத்து நிற்கின்றன. மதுரை மீனாட்சியைப் பாடிய "மீனாக்ஷி மே முதம்" இன்னும் நுட்பம். வீணை மீட்டும் அம்மனின் பத்துவகைக் கமகங்களைச் சொல்லும் இடத்திலேயே கமகக்கிரியா என்ற ராகப் பெயர் பொருளோடு பொருளாகக் கலந்து கிடக்கிறது. இன்று அதைப் பூர்விகல்யாணி என்றும் சொல்கிறார்கள். மேலே ஒட்டிய சீட்டு மாறினாலும் அவர் வைத்த பெயர் பாட்டை விட்டுப் போகவில்லை. கச்சேரிக்குப் போய் ராகத்தைக் கண்டுபிடிக்கத் தவிக்கும் ரசிகனுக்கு இதைவிட அன்பான துணையை எந்த வாக்கேயக்காரரும் விட்டுச் செல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன். 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் சீடர்கள் அந்தக் கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருக்கையில் அவர் உயிர் பிரிந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. எட்டயபுரம் இங்கிருந்து தென்கிழக்கே, கரிசல் காட்டைத் தாண்டினால் வந்துவிடும்.

எட்டயபுரம் என்ற பேர் காதில் விழுந்ததும் சற்றுத் தள்ளிப் பீடி பற்றவைக்கப்போன பெரியவர் திரும்பினார். மண்வெட்டியைப் பக்கத்தில் சாத்தியிருந்தார். வத்திராயிருப்புப் பக்கத்து விவசாயியாக இருக்கலாம். பீடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அங்க அவரு பாடி மழ பெஞ்சதாச் சொல்லுவாகளே, அந்தப் பாட்டுலயும் பேரு ஒளிஞ்சிருக்கா, தாயி?"

சிறுமி பாட்டியைப் பார்த்தாள். பாட்டி கண்ணைக் காட்டினாள், நீயே சொல் என்று.

"அது அமிர்தவர்ஷிணி, தாத்தா. ஒளிக்கவே இல்ல. எடுத்த எடுப்புலயே வந்துருது."

"அதெப்படி? மத்ததுல எல்லாம் ஒளிச்சவரு?"

"தண்ணி கேக்கறப்ப ஆராச்சும் சுத்தி வளைச்சுக் கேப்பாகளா?" என்றாள் பாட்டி.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது நெசந்தான். கம்மாய்க்குத் தொறந்துவிடுங்கன்னு நாங்களும் நேராத்தான் கேக்கோம்." துண்டின் ஓரத்தில் அவரும் உட்கார்ந்துவிட்டார். தீட்சிதரின் ராக முத்திரைகளைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் இந்தக் காரணம் இல்லை.

"இப்ப நான் கேக்கேன்," என்று சிறுமி முழங்காலிட்டு நிமிர்ந்தாள். "நம்ம ஊருக்காரங்க. கையெழுத்துல மொதல்ல அப்பா பேரு, அப்புறம் தன் பேரு. கச்சேரியில பாடுறாங்க, ஆனா மெட்டு அவுங்க போட்டதில்ல."

"ஆண்டாளு!" என்றார் பெரியவர், பாட்டியை முந்திக்கொண்டு. வில்லிபுத்தூரைச் சுற்றியிருப்பவரிடம் இதைக் கேட்கலாமா?

"மெட்டு ஆரு?"

அவருக்குத் தெரியவில்லை. "அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்" என்று பாட்டி அவருக்காகச் சொன்னாள்.

"கையெழுத்து எந்தப் பாட்டுல?"

"முப்பதுல. பட்டர்பிரான் கோதை." பாட்டி தூக்குச்சட்டியை நிமிர்த்தி மூடினாள். "அது திருப்பாவைக்கு. நாச்சியார் திருமொழியில எங்கெங்க போட்டிருக்கான்னு வீட்டுக்குப் போயித் தேடு. அங்க அப்பா பேரு மாறும்."

"வேற அப்பாவா?" என்று பதறினார் பெரியவர்.

"அதே அப்பாதான், தாத்தா," என்றாள் சிறுமி. "விட்டுசித்தன். பெரியாழ்வாருக்கு அந்தப் பேரும் உண்டு."